ஓடித்தான் ஆக வேண்டுமா? தற்காப்பு பற்றிச் சட்டம் சொல்வது

பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் இரண்டு விதமான புத்திமதிகள் கிடைக்கின்றன. பஸ்ஸிலோ தெருவிலோ யாராவது தொந்தரவு செய்தால், "ஒன்றும் பேசாமல் விலகி வந்துவிடு மகள்" என்பது ஒன்று. அப்படி விலகி வந்த பிறகு, "சும்மாவா விட்டுவிட்டு வந்தாய்? ஓர் அடியாவது போட்டிருக்கக் கூடாதா?" என்பது மற்றது. எங்கள் வீட்டில் முதலாவதை உம்மா சொல்வார், இரண்டாவதை நானா சொல்வார். இரண்டும் அன்பினால் வருபவைதான். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கைக்கொள்ள முடியாது. இவற்றுக்கு நடுவே வாப்பாவின் கவலை வேறு: "நீ திருப்பி அடித்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழக்கு நம் மேல் அல்லவா வரும்?"

இந்த மூன்று பேரில் யார் சொல்வது சரி? ஆபத்து வரும்போது ஓடித்தான் ஆக வேண்டுமா? எதிர்த்து நின்றால் நாம் குற்றவாளியாகி விடுவோமா? உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் எனக்குச் சட்டபீடம் போக வேண்டும் என்பது ஆசை. அந்த ஆசையில் நமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையை எடுத்து வாசித்தேன். தற்காப்புரிமை பற்றிச் சொல்பவை 89 முதல் 99 வரையான பதினொரு பிரிவுகள் மட்டுமே. சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும் அந்தப் பகுதியை ஒரு மாணவி விளங்கிக்கொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன். உண்மையான வழக்கு என்று வந்தால் சட்டத்தரணி ஒருவரிடம்தான் போக வேண்டும். ஆனாலும் அடிப்படையை நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பின்வாங்கும் கடமை

பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஒருவன் உன்னைத் தாக்க வந்தால், இனிப் பின்னால் போக இடமில்லை, முதுகு சுவரில் முட்டிவிட்டது என்ற நிலை வரும் வரை நீ பின்வாங்க வேண்டும். அதன் பிறகுதான் உயிரைக் காக்கத் திருப்பித் தாக்கலாம். இதைப் 'பின்வாங்கும் கடமை' என்பார்கள். வீட்டுக்குள் இருப்பவருக்கு மட்டும் இந்தக் கடமை இல்லை. ஒருவருடைய வீடு அவருக்குக் கோட்டை போன்றது என்ற கருத்தை 1604 ஆம் ஆண்டிலேயே ஆங்கில நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. சொந்த வீட்டை விட்டு எங்கே ஓடுவது?

காலப்போக்கில் இந்த விதி தளர்ந்தது. 1985 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அதில் குற்றஞ்சாட்டப்பட்டவள் என் வயதுப் பெண். தன் பதினேழாவது பிறந்தநாள் விருந்தில் முன்னாள் நண்பனுடன் அவளுக்கு வாக்குவாதம் ஏற்பட்டது. அவன் அவளை அறைந்தான். பிறகு சுவரோடு சேர்த்துப் பிடித்ததாக அவள் சொன்னாள். அவள் கையை வீசியபோது அந்தக் கையில் கண்ணாடிக் குவளை இருந்தது. அவனுடைய ஒரு கண் போய்விட்டது. கையில் குவளை இருந்ததே அந்த நேரத்தில் தனக்குத் தெரியவில்லை என்றாள் அவள்.

விசாரணை செய்த நீதிபதி, சண்டையிட விருப்பமில்லை என்பதை அவள் தன் செயலால் முதலில் காட்டியிருந்தால்தான் தற்காப்பு என்று வாதிடலாம் என யூரிமாருக்கு விளக்கினார். அவள் குற்றவாளியானாள். மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு இரத்துச் செய்யப்பட்டது. விலக முயன்றது ஒருவருடைய நல்லெண்ணத்துக்குச் சிறந்த சான்றாக இருக்கலாம், ஆனால் விலக முயலவில்லை என்பதனாலேயே தற்காப்பு வாதம் அற்றுப்போகாது என்று நீதிமன்றம் கருதியது.

அமெரிக்காவில் இது இன்றும் சர்ச்சைக்குரிய விடயம். தலைக்கு மேல் கத்தி ஓங்கப்பட்டிருக்கும்போது தப்பி ஓட வழி இருக்கிறதா என்று ஒருவர் அமைதியாக ஆராய்ந்து பார்க்க முடியாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1921 இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் சில மாநிலங்கள் பின்வாங்கும் கடமையை வைத்திருக்கின்றன. புளோரிடா போன்ற சில மாநிலங்கள் அதை முற்றாக நீக்கிவிட்டன. 2005 இல் வந்த புளோரிடாச் சட்டத்தின்படி, ஒருவர் இருப்பதற்கு உரிமையுள்ள எந்த இடத்திலும் பின்வாங்காமல் எதிர்த்து நிற்கலாம். துப்பாக்கி எளிதில் கிடைக்கும் நாட்டில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

நமது சட்டம் பிறந்த விதம்

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் மூலம் 1860 இன் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை. அந்த இந்தியச் சட்டத்தின் முதல் வரைவைத் தயாரித்தது மெக்காலே பிரபுவின் தலைமையிலான ஆணைக்குழு. கொள்ளையர் கூட்டங்களின் கொடுமையை இந்திய மக்கள் எதிர்க்காமல் பொறுத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்குத் தம்மைத் தாமே காக்கும் துணிவை ஊட்ட வேண்டும் என்று அந்த ஆணைக்குழு எண்ணியது. ஆட்சி செய்ய வந்தவர்கள் ஆளப்பட்டவர்களைப் பற்றி இப்படிப் பேசியதை வாசிக்கும்போது கோபம் வருகிறது. ஆனால் அந்த எண்ணத்தின் விளைவு நமக்குச் சாதகமானது. 'முதலில் ஓடு' என்று கட்டளையிடும் ஒரு வரியும் இந்தப் பதினொரு பிரிவுகளில் இல்லை.

பிரிவுகள் என்ன சொல்கின்றன?

தற்காப்புரிமையைப் பயன்படுத்திச் செய்யப்படும் எதுவும் குற்றமல்ல என்பது 89 ஆம் பிரிவு. 90 ஆம் பிரிவின்படி இந்த உரிமை தன் உடலுக்கு மட்டுமன்றி வேறு எவருடைய உடலுக்கும் பொருந்தும். வீதியில் ஒரு மாணவியை ஒருவன் இழுக்கும்போது குறுக்கே பாய்ந்து காப்பாற்றும் தோழிக்கும், பழக்கடைக்காரருக்கும், முன்பின் தெரியாத வழிப்போக்கருக்கும் அதே உரிமை உண்டு. வேடிக்கை பார்த்து நிற்பவர்கள் "நமக்கேன் வம்பு" என்று சொல்வதற்குச் சட்டம் காரணமாக முடியாது.

இந்த உரிமை எப்போது தொடங்குகிறது? அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாக்கும் முயற்சியாலோ மிரட்டலாலோ உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் தோன்றியதுமே அது தொடங்கிவிடுகிறது. அந்த அச்சம் நீடிக்கும் வரை உரிமையும் நீடிக்கிறது. அச்சம் நீங்கியதும் உரிமையும் முடிந்துவிடுகிறது. இது 95 ஆம் பிரிவு. தாக்கியவன் திரும்பி ஓடத் தொடங்கிய பிறகு துரத்திச் சென்று அடிப்பது பழிவாங்கல். நானா போன்றவர்கள் மறந்துவிடும் பிரிவு இதுதான். அடுத்த நாள் நான்கு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் அவனுக்குப் 'பாடம் படிப்பித்தால்', முதல் நாள் குற்றம் செய்தவன் அவன், இரண்டாம் நாள் குற்றம் செய்தவர்கள் நாம்.

மிகக் கடுமையான சில தாக்குதல்களை எதிர்க்கும்போது தாக்கியவனுடைய உயிர் போனாலும் அது குற்றமாகாது என்று 93 ஆம் பிரிவு சொல்கிறது. மரணம் அல்லது கடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் தாக்குதல், வன்புணர்வு நோக்கத்தோடும் இயற்கைக்கு மாறான பாலியல் நோக்கத்தோடும் செய்யப்படும் தாக்குதல்கள், ஆளைக் கடத்தும் நோக்கத்தோடு செய்யப்படும் தாக்குதல், அதிகாரிகளின் உதவியை நாட முடியாதபடி அடைத்துவைக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் தாக்குதல் ஆகியவை அவை. ஏனைய தாக்குதல்களில் மரணத்துக்குக் குறைந்த தீங்கையே விளைவிக்கலாம்.

எல்லைகளைச் சொல்வது 92 ஆம் பிரிவு. அதிலுள்ள இரண்டு எல்லைகள் நமக்கு முக்கியமானவை. முதலாவது, அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு நேரம் இருக்குமானால் தற்காப்புரிமை இல்லை. இரண்டாவது, தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய இந்த உரிமை ஒருபோதும் இடம் தராது.

நேரம் இருந்ததா?

பின்வாங்கும் கடமைக்கு மிக அருகில் வரும் விதி இந்த முதலாவது எல்லைதான். இரண்டு உதாரணங்களை எடுத்துக்கொள்வோம்.

பிரத்தியேக வகுப்புக்குப் போகும் ஒரு மாணவிக்கு ஒருவன், "வெள்ளிக்கிழமை வா, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று செய்தி அனுப்புகிறான். இன்று திங்கட்கிழமை. பெற்றோரிடம் சொல்லவும் பொலிஸில் முறைப்பாடு செய்யவும் நேரம் இருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லாமல் புத்தகப்பைக்குள் கத்தியை வைத்துக்கொண்டு போய் அவனை முந்திக்கொண்டு குத்தினால், தற்காப்பு என்று வாதிடுவது மிகக் கடினம்.

இப்போது இரண்டாவது. அதே மாணவி மஃரிபுக்குப் பிறகு வகுப்பு முடிந்து ஆளில்லாத ஒழுங்கையால் வருகிறாள். ஒருவன் திடீரென்று கையைப் பிடித்து இழுக்கிறான். பொலிஸ் நிலையம் அரை மைல் தூரத்தில் இருந்து என்ன பயன்? நாடுவதற்கு அவளிடம் நேரம் இல்லை. குடையாலோ முழங்கையாலோ அவனைத் தாக்கித் தன்னை விடுவித்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. பின்னர் யாராவது வந்து, "மற்றப் பக்கத்தால் ஓடியிருக்கலாமே" என்று சொல்வதால் அந்த உரிமை பறிபோகாது.

இதே வாசகங்களைக் கொண்ட சட்டத்துக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1963 இல் விளக்கம் அளித்தது. உடனடி ஆபத்தை எதிர்நோக்கும் ஒருவர் ஓடித்தான் தப்ப வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் தற்காப்பு பழிவாங்கலாக மாறக்கூடாது என்பதே அதன் சாரம். தேவையான அளவு எது என்பதைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதும் அந்நாட்டுத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. இந்தியத் தீர்ப்புகள் நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் சட்டத்தின் வேர் ஒன்றே என்பதால் அவை இங்கும் எடுத்துக்காட்டப்படுவதுண்டு.

தேவையான அளவை மீறினால் என்ன? பஸ்ஸில் ஒருவன் உரசுகிறான். கையைத் தட்டிவிடலாம், சத்தம் போடலாம், தள்ளிவிடலாம். கத்தியை எடுத்து வயிற்றில் குத்த முடியாது. அவன் செய்வது குற்றம்தான். 1995 இல் திருத்தப்பட்ட 345 ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அந்தத் தண்டனையை விதிக்க வேண்டியது நீதிமன்றம். உண்மையாகவே தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் செயற்பட்ட ஒருவர், பழிவாங்கும் திட்டமில்லாமல் எல்லையை மீறி மரணத்தை விளைவித்துவிட்டால், 294 ஆம் பிரிவின் விதிவிலக்கு ஒன்று அதைக் கொலை என்ற நிலையிலிருந்து குறைந்த குற்றமாக்குகிறது. ஆயினும் அது தண்டனைக்குரிய குற்றமே.

உம்மா வாப்பாமாருக்கு

வாப்பாவின் கவலைக்கு இனி வருகிறேன். அது காரணமில்லாத கவலை அல்ல. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி, "நான் தற்காப்புக்காகத்தான் செய்தேன்" என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். 1942 இல் நமது குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. வெறும் சந்தேகத்தை எழுப்பினால் போதாது, நிகழ்தகவின் சமநிலையில், அதாவது நடந்திருக்கவே கூடும் என்று கருதும் அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்று தீர்மானித்தது.

இங்கேதான் நமது வீடுகளின் ஒரு பழக்கம் நமக்கே எதிராக நிற்கிறது. பெண்பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் "வெளியில் தெரிந்தால் பெயர் கெட்டுவிடும்" என்று மூடி மறைக்கிறோம். கிழிந்த உடுப்பைக் கழுவிவிடுகிறோம். கையில் இருக்கும் நகக்கீறலை வைத்தியரிடம் காட்டுவதில்லை. கண்டவர்களிடம் "யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்" என்று கெஞ்சுகிறோம். மானத்தைக் காப்பதாக நினைத்துச் சான்றுகளை நம் கையாலேயே அழித்துவிடுகிறோம். நாளை அவன் முந்திக்கொண்டு "அவள்தான் என்னைத் தாக்கினாள்" என்று முறைப்பாடு கொடுத்தால் நம்மிடம் காட்ட எதுவும் இருக்காது. உடனடியாகச் சொல்வதும், வைத்தியரிடம் போவதும், முறைப்பாடு செய்வதும், கண்டவர்களின் பெயரைக் குறித்துக்கொள்வதும் பிள்ளையைக் காக்கும் செயல்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119, சிறுவர்களுக்கான இலக்கம் 1929, பெண்களுக்கான இலக்கம் 1938 ஆகியன மனப்பாடமாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆபத்து வரும்போது எல்லோராலும் ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. சிலருக்குக் கைகால் விறைத்துவிடும், குரல் வெளியே வராது. சட்டம் இதையும் எண்ணியிருக்கிறது. வன்புணர்வு பற்றிய 363 ஆம் பிரிவுக்கு 1995 இல் சேர்க்கப்பட்ட விளக்கம், சம்மதம் இல்லை என்பதை நிரூபிப்பதற்கு உடலில் காயங்கள் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் அவசியமில்லை என்கிறது. எதிர்க்காமல் இருந்தது சம்மதமாகிவிடாது. "ஏன் ஓடவில்லை? ஏன் கத்தவில்லை?" என்று கேட்பவர்கள், சட்டமே கட்டாயப்படுத்தாத ஒன்றை அந்தப் பிள்ளையிடம் கேட்கிறார்கள்.

மார்க்கம் காட்டும் படிகள்

நமது நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. ஹிஜ்ரி 676 இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில், தாக்க வருபவனை இயன்றவரை இலேசான வழியால் தடுக்க வேண்டும் என்று படிப்படியாக விளக்கப்பட்டுள்ளது. பேசியோ உதவிக்கு அழைத்தோ தடுக்க முடியுமானால் அடிப்பது கூடாது. கையால் அடித்துத் தடுக்க முடியுமானால் சவுக்கை எடுப்பது கூடாது. சவுக்குப் போதுமானால் தடியை எடுப்பது கூடாது. தப்பி ஓட வழி இருந்தால் ஓடுவதே கடமை என்பது மத்ஹபின் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. அதே நேரத்தில் கற்புக்குத் தீங்கு வரும்போது அதைத் தடுப்பது கடமை என்றும் அந்நூல் சொல்கிறது.

இதை வாசித்தபோது 92 ஆம் பிரிவின் 'தேவையான அளவு' எனக்கு இன்னும் தெளிவாக விளங்கியது. ஓடுவதைப் பற்றி மட்டும் இரண்டும் வேறுபடுகின்றன. நாட்டுச் சட்டம் ஓடும்படி கட்டளையிடவில்லை. மார்க்கச் சட்டம், முடியுமானால் ஓடு என்கிறது. ஆகவே ஓட வழி கண்டு ஓடியவளைக் கோழை என்று சொல்ல எவருக்கும் இடமில்லை. உம்மாவின் புத்திமதியில் பாதி சரி. விலகி வா என்பது சரி, ஒன்றும் பேசாதே என்பதுதான் தவறு. உதவிக்கு அழைப்பது அந்தப் படிகளில் முதற்படியாகவே இருக்கிறது.

தோழியரே, வழி இருந்தால் சத்தமிட்டுக்கொண்டு ஓடுங்கள். வழி இல்லாவிட்டால் விடுபடும் அளவுக்கு எதிர்த்து நில்லுங்கள். விடுபட்டதும் நிறுத்துங்கள். இரண்டும் முடியாமற்போனாலும் அது உங்கள் குற்றமல்ல. எதுவானாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெற்றோரிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் மகள் அழுதுகொண்டு வீட்டுக்குள் வரும் நாளில் "ஏன் ஓடவில்லை?" என்றோ "ஏன் அடிக்கவில்லை?" என்றோ கேட்க வேண்டாம். "எங்கே காயம்? யார் கண்டார்கள்? வா, நான் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். நீதிமன்றம் பின்னர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அந்தச் சில வார்த்தைகளிலிருந்துதான் விடை கிடைக்கத் தொடங்கும்.